கையில் ஒயில் படட்டும்

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையே இது?"

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டுக் கராஜ் வாசலில் நின்று பெரியம்மா கேட்ட கேள்வி இது. என் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கறுப்பு. நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, ஒரு மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் இரண்டையும் கழற்றிப் போட்டிருந்தேன். பழைய ஃபோர்க் ஒயில் அழுகின மீன் மாதிரி மணக்கும். பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "காசைக் குடுத்தா ஆரும் செய்து தருவாங்கள்தானே. நீ போய்க் குளி."

நான் பதில் சொல்லவில்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் வளையம் மூன்று மணித்தியாலமாக என்னை அழவைத்துக்கொண்டிருந்தது. யாரோடும் கதைக்கிற நிலையில் நான் இல்லை.

இப்போது ஆறுதலாகப் பதில் சொல்கிறேன். ஓம் பெரியம்மா, படித்த பிள்ளை செய்ய வேண்டிய வேலைதான் இது. அதைச் செய்யத் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்ததுதான் வெட்கம். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் இருப்பதை ஒரு தகுதி மாதிரிக் கொண்டாடுகிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கோபிக்க வேண்டாம். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வண்டி நிற்கவில்லை

வண்டி அப்பாவுடையது. 1980ஆம் ஆண்டு ஹொண்டா சிஎக்ஸ்500. அப்பா 1997இல் லண்டன் வந்தார். அடுத்த வருஷம் ஒரு கூரியர்காரரிடம் அதை மலிவாக வாங்கினார். எண்பதுகளில் லண்டன் கூரியர்காரர்கள் விரும்பி ஓடிய வண்டி அது. செயின் கிடையாது, ஷாஃப்ட். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர். அதன் தோற்றத்தைப் பார்த்து இங்கே "பிளாஸ்டிக் புழு" என்று நக்கலடிப்பார்கள். ஆனால் அந்தப் புழு லேசில் சாகாது. அதில்தான் அப்பா பெற்றோல் ஸ்டேஷன் இரவு வேலைக்குப் போய் வந்தார். அக்கா பிறந்ததும் கார் வந்தது, வண்டி கராஜ் மூலைக்குப் போனது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் அதை வெளியே இழுத்து ஓடவைத்தேன்.

ஓடத் தொடங்கிய சில மாதத்தில் முன் ஃபோர்க்கில் ஒயில் கசிவதைக் கண்டேன். முதலில் ஒரு மெல்லிய வளையம். பிறகு கீழே இறங்கும் ஒரு கோடு. நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு ஞாயிறும் துணியால் துடைத்தேன். துடைத்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கசிவு இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் படித்த மூளை போட்ட கணக்கு இது.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம், மழைத்தூறல், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு சிறுமி கடவையில் கால் வைத்தாள். நான் முன் பிறேக்கைப் பிடித்தேன். லீவர் வழக்கம்போல இறுகியது, வண்டி மட்டும் நிற்கவில்லை. வெள்ளைக் கோடுகள் முழுவதையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. சிறுமி தானாகப் பின்னால் பாய்ந்ததால் தப்பினாள். அவளின் தாய் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதில் ஒரு சொல்கூட அநியாயமில்லை.

ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, ஃபோர்க்கால் வழிந்த ஒயில் பிறேக் டிஸ்கில் மினுங்கிக்கொண்டிருந்தது. பிறேக் பாட் அதைக் குடித்து ஊறிப்போயிருந்தது.

எம்.ஓ.டி சோதனையில் இது பிடிபடவில்லையா என்று கேட்பீர்கள். பிடிபடாது, ஏனென்றால் சோதனையே இல்லை. 2018 மே மாதத்திலிருந்து பிரித்தானியாவில் 40 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு எம்.ஓ.டி கட்டாயமில்லை. நான் இதை ஒரு சலுகை என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். உண்மையில் சட்டம் சொல்வது வேறு: இனி உன் வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்க்க வேறொருவர் இல்லை, நீதான் பார்க்க வேண்டும். ஆபத்தான நிலையில் ஓடினால் 2,500 பவுண் வரை தண்டம், மூன்று புள்ளி. அந்தச் சிறுமிக்கு ஏதும் நடந்திருந்தால் அதற்கு எந்தத் தண்டமும் ஈடாகாது.

இரண்டு அறிவுரை, இரண்டும் பிழை

முதலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்றவர் குனியவே இல்லை. "இந்த வயது வண்டிக்கு வேலைக்கூலி கட்டாது, ஸ்கிராப்புக்குக் கொடு" என்றார். புதிய சீல் ஒரு சோடி 20 பவுணுக்குள் முடியும் சாமான். அதைக் கழற்றி மாற்றத் தெரியாததால் ஒரு முழு வண்டியை எறி என்பதுதான் அறிவுரை. இதே அறிவுரையை நாங்கள் துணி தோய்க்கிற மெஷினுக்கும் கேட்டிருக்கிறோம், ஃபோனுக்கும் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு அதை ஒரு இயற்கை விதி மாதிரி நம்பத் தொடங்கிவிட்டோம்.

அடுத்ததாக வீடியோ பார்த்தேன். ஒருவர் பெரிய ஸ்குறூ ட்ரைவரை சீலுக்குள் செருகுகிறார், சுத்தியலால் ஒரு அடி, சீல் பறக்கிறது. 40 செக்கன். கீழே கைதட்டல்.

அது ஏன் பிழை என்று விளங்க, ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். மேலே குரோம் பூசிய உருக்குக் குழாய். கீழே அது வழுக்கி ஏறி இறங்கும் அலுமினிய உறை. உள்ளே சுருள்வில்லும் ஒயிலும். உறையின் வாயில் இறுக்கி அமர்த்தியிருக்கும் வளையம்தான் ஒயில் சீல். அதன் வெளித்தோல் ரப்பர், உள்ளே ஒரு உருக்கு வளையம், குழாயைக் கட்டிப்பிடிக்கும் உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங். அதற்கு மேலே ஒரு சேர்க்கிளிப், அதற்கும் மேலே தூசி மூடி.

புதிய வண்டியில் இது சுலபமாக வரும். 40 வருஷம் லண்டன் மழையிலும், குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பிலும் ஓடிய வண்டியில் வராது. தூசி மூடிக்குக் கீழே உப்புத் தண்ணீர் தேங்கும். சீலின் உருக்கு துருப்பிடித்து ஊதும். உருக்கும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி அதுவும் ஊதும். இரண்டும் ஊதி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் சுத்தியலால் அடித்தால் முதலில் தோற்பது மென்மையான அலுமினியம். உறையின் வாய் வெடிக்கலாம், உட்சுவரில் கீறல் விழலாம். அந்தக் கீறல் வழியே புதிய சீலைச் சுற்றி ஒயில் கசியும். அப்போது உண்மையாகவே உறை ஸ்கிராப்புக்குத்தான் போகும்.

இரண்டு அறிவுரையும் வேர் ஒன்று. கராஜ்காரர் குனிந்து பார்க்கவில்லை. வீடியோக்காரர் பார்க்க அவகாசம் எடுக்கவில்லை. நானும் அவர்களின் மாணவன்தான் என்று அந்தச் சனிக்கிழமை தெரிந்தது.

அப்பா குனிந்து பார்த்தார்

கைநூலைப் பார்த்துப் பாதியைச் சரியாகச் செய்திருந்தேன். ஃபோர்க் வண்டியில் பூட்டியிருக்கும்போதே மேல் மூடியை இளக்கினேன். அதற்குள் ஸ்பிரிங் அமுங்கி இருக்கும், முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. அடியில் உள்ள அலன் போல்ட்டையும், ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே இளக்கினேன். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு முயன்றால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. ஒயிலை வடித்தேன், குழாயை உருவினேன். பிறகு சீலோடு மல்லுக்கட்டத் தொடங்கினேன். மூன்று மணித்தியாலம். ரயர் லீவர் வளைந்தது. சீல் அசையவில்லை.

பெரியம்மா உள்ளே போய், எனக்குப் புத்தி சொல்லட்டும் என்று அப்பாவை அனுப்பினார். அப்பா வந்தார். புத்தி சொல்லவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஒரு டோர்ச்சும் பழைய பல்துலக்கும் பிரஷும் கேட்டார். உறையின் வாயில் இருந்த துருவை ஒரு ஐந்து நிமிஷம் பேசாமல் தேய்த்தார். பிறகு விரலை வைத்துக் கேட்டார்: "இது என்ன?"

துருவின் நிறத்திலேயே, துருவுக்குள் புதைந்து, ஒரு மெல்லிய கம்பி வளையம். சேர்க்கிளிப். நான் அதைக் கழற்றவே இல்லை.

"பூட்டைத் திறக்காமல் கதவை உடைக்கிறாய்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பொறுமை. துரு இளக்கும் ஒயிலைக் கிளிப்பைச் சுற்றி விட்டோம், தேநீர் குடித்தோம், கிளிப்பின் முனையை மெல்லிய ஸ்குறூ ட்ரைவரால் நெம்பி எடுத்தோம். சீலைச் சுற்றியும் ஒயில் விட்டு இரவு முழுக்க விட்டோம். ஞாயிறு காலை உறையின் வாயை வெளியிலிருந்து ஹீட் கன்னால் சூடாக்கினோம். இதில் பள்ளிக்கூடப் பௌதிகம் இருக்கிறது: ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம், உருக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உறை விரிந்தால் சீலின் பிடி தளரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறுகிற சூடு போதும். நெருப்புச் சுவாலை வேண்டாம், உள்ளே ஒயில் ஒட்டியிருக்கும். கையுறை போட மறக்க வேண்டாம். உறையின் விளிம்பில் ஒரு மரத்துண்டை வைத்து, லீவரை அதன் மேல் தாங்கி, கொஞ்சம் நெம்பி, கொஞ்சம் சுற்றி, மறுபடி கொஞ்சம். நாலாவது சுற்றில் சீல் எழும்பி வந்தது.

அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. சீலின் உருக்கு முகத்தில், எதிரெதிரே இரண்டு சின்ன ஓட்டை. ட்ரில் ஆழமாகப் போகாமல், சுவரைத் தொடாமல். அதில் இரண்டு ஸ்குறூவை ஏற்றி, குறட்டால் மாறி மாறி இழுக்கலாம். உங்கள் வண்டியின் ஃபோர்க் கொஞ்சம் பிந்திய காலத்தது என்றால், உறைக்குள் தனியாக ஒரு புஷ் இருக்கலாம். அந்த வகையில் நெம்பத் தேவையில்லை. கிளிப்பை எடுத்துவிட்டு, குழாயை உள்ளே தள்ளி வேகமாக வெளியே இழுக்க, புஷ்ஷே சீலைத் தள்ளிக்கொண்டு வரும். எந்த வகை என்று உங்கள் வண்டியின் பாகங்கள் படத்தில் முதலில் பாருங்கள்.

புதிய சீல் போட முன் உருக்குக் குழாயை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சீல் ஓடும் இடத்தில் நகம் தடுக்குகிற குழி இருந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் அது திரும்பவும் கசியும். குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஒயில் பூசி, சீலின் உதடு கிழியாமல் இறக்க வேண்டும். பழைய சீலை மேலே வைத்து நேராகத் தட்டினால் புதியது சமமாக இறங்கும். கிளிப் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஒயில் ஊறிய பிறேக் பாட்டைக் கழுவிப் பூட்டக் கூடாது, புதிது போட வேண்டும்.

எங்களுக்குச் சொல்லாத கதை

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சீலைப் பற்றி மட்டும் இல்லை.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். அப்பா ஊரில் ஏ.எல். படித்தவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஏ.எல். முடிந்தபின் நாலு வருஷம் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. 22 வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஒருதரும் சொல்லவில்லை.

1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம். புகை, இருமல், கரி பிடித்த பிளக். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம். புதிய சாமான் வராத இடத்தில் ஒன்றையும் எறிய முடியாது. உடைந்ததைப் பார்த்து, யோசித்து, திரும்ப ஓடவைக்க வேண்டும். இதை எந்தப் பொறியியல் பீடத்திலும் இவ்வளவு கடுமையாகக் கற்பிக்க மாட்டார்கள்.

அந்தச் சனம் இங்கே வந்து பிள்ளைகளிடம் சொன்னது என்ன? கையை ஊத்தையாக்காதே. காசைக் குடு, ஆரும் செய்வாங்கள்.

எனக்கு அது விளங்காமல் இல்லை. அவர்கள் விரும்பித் திருத்தவில்லை, வேறு வழியில்லாமல் திருத்தினார்கள். அந்தக் கஷ்டத்தின் நாற்றம் எங்களில் படக் கூடாது என்று நினைத்தார்கள். அந்த அன்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கஷ்டத்தோடு சேர்த்துக் கெட்டித்தனத்தையும் ஒளித்துவிட்டார்கள். எங்கள் விழாக்களில் பரதம் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, எல்லாம் நல்லது. ஒரு துருப்பிடித்த கிளிப்பை ஐந்து நிமிஷம் பார்த்துக் கண்டுபிடிக்கிற கண்ணை மட்டும் யாரும் எங்கள் சொத்து என்று சொல்லவில்லை. அது வெட்கப்பட வேண்டிய ஒன்றாக ஆகிவிட்டது. "படிச்ச பிள்ளை செய்யிற வேலையே" என்ற கேள்வி என்னை மட்டும் இறக்கவில்லை. அதைச் செய்து எங்களை வளர்த்த அப்பாவையும் இறக்குகிறது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

உங்கள் மறுமொழி எனக்குத் தெரியும்

"நேரம் இல்லை" என்பீர்கள். எனக்கும் வேலை இருக்கிறது. இரண்டு சனி ஞாயிறு போனது. ஆனால் அந்த நாலு நாளில் அப்பாவோடு கதைத்த அளவுக்கு அதற்கு முந்தின நாலு வருஷத்தில் கதைக்கவில்லை.

"பிறேக்கோடும் ஃபோர்க்கோடும் விளையாடுவது ஆபத்து, தெரிந்தவர் செய்யட்டும்" என்பீர்கள். இது நியாயமான கேள்வி. குழாய் வளைந்திருந்தால், உறை வெடித்திருந்தால், குரோம் குழி விழுந்திருந்தால், அதற்குரிய தொழிலாளியிடம் கொடுங்கள். முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். முடிந்த பிறகு ஒதுக்குப்புறமாக மெதுவாக ஓடி, பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள். ஆனால் எது ஆபத்து என்று தெரிவதற்கே நீங்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். நான் அந்தக் கடவையில் ஆபத்தாக இருந்தது, கையில் ஸ்பானர் பிடித்ததால் இல்லை. ஸ்பானர் பிடிக்காமல் துணி பிடித்ததால்.

"எங்களுக்கு மோட்டார் சைக்கிளே இல்லை" என்பீர்கள். சரி. உங்கள் வீட்டில் எது கசிகிறது? எதை நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் துணியால் துடைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்? அதில் தொடங்குங்கள்.

வண்டி இருப்பவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். இந்தச் சனிக்கிழமை உங்கள் முன் ஃபோர்க்கின் தூசி மூடியை மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வண்டியை ஓட வேண்டாம். உலர்ந்து துரு மட்டும் இருந்தால், இப்போதே துடைத்து கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். அடுத்த தடவை சீல் மாற்றுகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.

எல்லாருக்கும் இன்னொரு வீட்டுப்பாடம். அப்பாவிடமோ மாமாவிடமோ அம்மாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊரில நீங்கள் என்னென்ன திருத்தினீங்கள்?" முதலில் "ஒண்டுமில்லை" என்று சொல்வார்கள். விடாதீர்கள், திரும்பவும் கேளுங்கள்.

பெரியம்மாவின் கார் போன மாதம் கீச்சென்று சத்தம் போடத் தொடங்கியது. யாரைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? நானும் அப்பாவும் சனிக்கிழமை போகிறோம். அவரையும் பக்கத்தில் இருத்தி டோர்ச் பிடிக்க வைக்கப் போகிறேன்.